கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கும் கணக்கு

நாளுக்கு 500 கிலோ பனியன் துணி வெட்டும் ஒரு சின்ன திருப்பூர் யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் டேபிளுக்கு அடியில் 60 முதல் 75 கிலோ துண்டுத் துணி சேர்ந்திருக்கும். மார்க்கரை (வெட்டு வரைபடம்) எவ்வளவு நெருக்கிப் போட்டாலும் கழுத்து வளைவு, கைக்குழி, ஓரம், லே (வெட்டுவதற்கு அடுக்கி விரித்த துணி) முடியும் இடம் என்று 12 முதல் 15 சதவீதம் கழிந்துவிடும். ஸ்டைல் கோணல்மாணலாக இருந்தால் இன்னும் கூடும். மாதம் 25 நாள் வேலை என்றால் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. அத்தனையும் நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, பின்னால் சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங் கூலி எல்லாம் ஏறிய துணி. வாங்க வரும் வேஸ்ட் வியாபாரி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்ப்பார், மொத்தத்துக்கும் ஒரே விலை சொல்வார், தராசைத் தூக்குவார்.

கழிவையே திரும்பப் பொருளாக்கும் வட்டப் பொருளாதாரம் சிறுதொழிலுக்கு ஏன் ஒட்டவில்லை என்று கேட்டால் விழிப்புணர்வு இல்லை, மெஷின் இல்லை, மானியம் இல்லை என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பனியன் தொழிலில் இந்தப் பதில் பொருந்தாது. துண்டுத் துணியைக் கிழித்துப் பஞ்சாக்கித் திரும்ப நூலாக்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்கள் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலேயே இருக்கின்றன. துண்டைக் குப்பையில் கொட்டுகிறவரும் இல்லை, எல்லோரும் விற்கத்தான் செய்கிறார்கள். இடையில் தொலைந்துபோவது ஒன்றுதான்: இது என்ன துணி என்கிற தகவல். காலை பத்து மணிக்கு கட்டிங் மாஸ்டருக்கு அது தெரியும். மாலை மூட்டை கட்டும்போது யாருக்கும் தெரியாது.

சாதாரண டி-சர்ட்டையே பாருங்கள். பாடி 100 சதவீதம் காட்டன், சிங்கிள் ஜெர்சி. கழுத்துப் பட்டையான ரிப் பெரும்பாலும் 95-க்கு 5 காட்டன் லைக்ரா, அதாவது ஐந்து சதவீதம் ரப்பர் போல இழுபடும் இழை. இரண்டும் ஒரே கலர். ரிப் துண்டு பாடித் துண்டோடு கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். கிரே மெலாஞ்சும் அப்படித்தான். பார்க்கக் காட்டனாகத் தெரியும். ஆனால் அந்தச் சாம்பல் புள்ளிக்காகப் பல சமயம் 10, 15 சதவீதம் விஸ்கோஸோ பாலியஸ்டரோ கலந்திருப்பார்கள். மூன்று நூல் ஃபிளீஸில் முகப்பைத் தடவினால் காட்டன், ஆனால் உள்ளே கட்டுகிற நூல் பாலியஸ்டராக இருக்கலாம்.

லைக்ராவோ பாலியஸ்டரோ இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் இரண்டு சோதனை போதும். துண்டின் வெட்டு ஓரத்தை இரு கையாலும் இழுத்து விடுங்கள். லைக்ரா இருந்தால் சட்டென்று திரும்பி வரும். ஓரத்திலிருந்து ஓர் இழையைப் பிரித்தால் ரப்பர் போல மினுங்கும் மெல்லிய இழை தனியாக நீளும். அடுத்தது எரித்துப் பார்ப்பது. காட்டன் காகிதம் போல எரிந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் சாம்பலை விடும். பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் தெரியும். இதைப் பஞ்சு பறக்கும் கட்டிங் ஹாலில் செய்யாதீர்கள், வெளியே தண்ணீர் வாளி பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஐந்தே சதவீத லைக்ராவுக்கு மில்காரர் ஏன் மூட்டையையே திருப்பி அனுப்புகிறார் என்பது மெஷினைப் பார்த்தால்தான் புரியும். துண்டுகளை முதலில் சில சென்டிமீட்டர் அளவுக்கு நறுக்குவார்கள். பிறகு பல்லும் ஊசியும் நிறைந்த டிரம்கள் வரிசையாகச் சுழலும். ஒவ்வொரு டிரம்மைத் தாண்டும்போதும் துணி நூலாகி, நூல் பஞ்சாகப் பிரியும். காட்டன் இழை கிழியும். லைக்ரா கிழியாமல் நீண்டு, திரும்பச் சுருண்டு, பல்லில் சுற்றிக்கொள்ளும். சூடேறினால் பிசினாக ஒட்டும். தப்பித்துப் போனது பஞ்சில் முடிச்சாக நிற்கும். பிளாஸ்டிக் மையில் அடித்த பிளாஸ்டிசால் பிரிண்ட் இருந்த துண்டு கடினமான பொடியாக உதிரும். தையல் நூல், அதுவும் பாலியஸ்டர் நூல், பிரியவே பிரியாது. அப்படியே நூலில் தடிப்பாக வந்து உட்காரும். பொடியும் தூசியும் ஓ.இ. மெஷினின் ரோட்டார் குழியில் படிந்தால், ரோட்டாரின் சுற்றளவு நீளத்துக்கு ஒருமுறை நூலில் ஒரே குறை விழும். நிட்டிங் ஆன பிறகு அது துணியில் அலை அலையாகத் தெரியும். உடைந்த ஊசித் துண்டு ஏதாவது உள்ளே போனால் தீப்பொறிதான். மில்லில் காந்தம் வைத்திருப்பார்கள், ஆனாலும் தையல் ஹாலில் கூட்டிய மூட்டை என்றாலே பயப்படுவார்கள்.

இவ்வளவும் தாண்டி வருகிற பஞ்சும் குட்டைப் பஞ்சு. நல்ல புதுப் பஞ்சு 28 முதல் 30 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். கிழித்த பஞ்சின் பெரும்பகுதி அதில் பாதிகூட இருக்காது. அதனால்தான் இந்த வேலை நீளப் பஞ்சு கேட்கும் ரிங் ஸ்பின்னிங்கில் நடக்காமல் ஓ.இ.-யில் நடக்கிறது. கிழித்த பஞ்சு மட்டும் போட்டால் 10-ஆம் நம்பர், நல்ல துண்டாக இருந்தால் 20-ஆம் நம்பர் வரை இழுக்கலாம். அதற்கு மேல் மெல்லிய நூல் வேண்டுமென்றால் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ சேர்க்காமல் முடியாது.

மில்லின் நிலைமையையும் சொல்லவேண்டும். ஓ.இ. மில்லின் வழக்கமான தீனி, நூற்பாலைகளில் பஞ்சைச் சீவும்போது கழியும் கோம்பர் வேஸ்ட். கோம்பர் விலை ஏறினால் பனியன் துண்டைத் தேடுவார்கள், இறங்கினால் மறந்துவிடுவார்கள். 2022 செப்டம்பரில் உயரழுத்த மின் இணைப்புக்கான டிமாண்ட் கட்டணம் கேவிஏவுக்கு 350 ரூபாயிலிருந்து 550 ஆனது. மெஷின் ஓடினாலும் நின்றாலும் கட்டவேண்டிய பணம் அது. டிரம்மில் சுற்றிய லைக்ராவை வெட்டி எடுக்க ஒரு ஷிஃப்ட் நின்றால் அந்த நஷ்டத்தை மில்காரர் துண்டின் விலையில்தான் கழிப்பார். கலந்த மூட்டைக்கு வருகிற அடிமாட்டு விலையில் இந்தப் பயமும் சேர்ந்திருக்கிறது.

ஆகவே பிரிப்பதை டேபிளிலேயே முடிக்கவேண்டும். பெரிய முதலீடு எதுவும் இல்லை, ஆனால் பழக்கம் மாறவேண்டும். அதுதான் கடினம்.

இன்றைக்கு நடப்பது இது: மூன்று, நான்கு லே வெட்டுவார்கள், ஹெல்பர் எல்லாவற்றையும் காலால் ஓரம் தள்ளுவார், இரவு ஒரே கூட்டாகக் கூட்டிக் கட்டுவார். கூடவே டீ கப், மார்க்கர் பேப்பர், பாலிதீன் கவர், செல்லோ டேப், பீஸில் ஒட்டி உதிர்ந்த நம்பர் ஸ்டிக்கர். இரவு கூட்டுவதை நிறுத்தி, லே மாறும் ஒவ்வொரு முறையும் கூட்டவேண்டும். ஐந்து நிமிட வேலை. அடுத்த லே விரிப்பதற்குள் முடிந்துவிடும். டேபிள் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நான்கு சாக்கு மாட்டுங்கள். முதல் சாக்கு வெள்ளைக் காட்டன். இதற்குத்தான் நல்ல விலை, எந்தக் கலருக்கும் சாயம் ஏறும். கைத்தாள் பட்டறைகளும் வாங்கும். இரண்டாவது கலர் காட்டன், அன்றைக்கு ஓடும் கலர் மட்டும். மூன்றாவதில் லைக்ரா உள்ள எதுவானாலும். ரிப் துண்டு கண்ணை மூடிக்கொண்டு இதில்தான் போகவேண்டும். நான்காவது மற்றக் கலவைகள்: மெலாஞ், பாலியஸ்டர், விஸ்கோஸ்.

லே ஷீட்டில் துணியின் கலவை, ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), கலர், சாய லாட் நம்பர், ரோல் எடை எல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கும். அதில் கலவை, கலர், லாட் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி சாக்குக்குள் போட்டு, இன்னொரு சீட்டை சாக்கு வாயோடு சேர்த்துக் கட்டுங்கள். வெளியே மட்டும் கட்டினால் டெம்போவில் ஏற்றும்போதே பிய்ந்துவிடும். ஓபன் விட்த் துணியில் (குழாயாக இல்லாமல் விரித்த துணி) ஸ்டென்டர் மெஷினுக்காகப் பூசிய கம் ஓரம் விறைப்பாக இருக்கும். அதை நான்காவது சாக்கிலேயே போட்டுவிடலாம். பிரிண்ட் ரிஜெக்ட் ஆன பீஸ் எந்தச் சாக்கிலும் சேரக்கூடாது. ஓவர்லாக் கத்தி வெட்டித் தள்ளும் நாடா போன்ற கழிவு தையல் ஹாலிலேயே தனியாக இருக்கட்டும். அதில் நூலும் ஊசி முனையும் இருக்கும். தலையணைக்கும் மெஷின் துடைக்கவும் போகிற சரக்கு அது.

மழைக்காலத்தில் சாக்கைத் தரையில் வைக்காதீர்கள், பலகை போட்டு அடுக்குங்கள். காட்டன் இயல்பாகவே 8.5 சதவீத ஈரம் பிடிக்கும். அதற்கு மேல் ஏறினால் வியாபாரி ஈரக்கழிவு என்று எடையில் பிடிப்பார், இரண்டு வாரம் கிடந்தால் பூஞ்சைக் கறுப்புப் புள்ளி வந்துவிடும். கறுப்புப் புள்ளி விழுந்த வெள்ளைத் துண்டை யாரும் வெள்ளை விலைக்கு எடுக்கமாட்டார்கள்.

சரி, இவ்வளவும் செய்தால் காசு வருமா? இங்கேதான் சின்ன யூனிட்டின் உண்மையான சிக்கல். 70 கிலோ கழிவை நான்காகப் பிரித்தால் நாளுக்கு வெள்ளை 20 கிலோ, ஒவ்வொரு கலரும் எட்டோ பத்தோ கிலோ என்று நிற்கும். மில்லுக்கு ஒரு கலரில் டன் கணக்கில் வேண்டும். நேவி ப்ளூவில் ஒரு டன் சேர, நாளுக்கு எட்டுக் கிலோ வீதம் 125 வேலை நாள் ஆகும். ஐந்து மாதம். அதுவரை சாக்கு எங்கே இருக்கும்? வாடகைக் கட்டடத்தில், தையல் மெஷின் போடவேண்டிய இடத்தில். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் அந்தச் சாக்கு மலையைப் பற்றித்தான் இருக்கும்.

தனியாளாகக் கணக்குப் போட்டால் இது நஷ்டம், அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஒரே வீதியில் உள்ள பத்துப் பதினைந்து யூனிட் சேர்ந்து ஒரே சாக்கு முறை, ஒரே சீட்டு முறை வைத்தால் அந்த நேவி ப்ளூ பத்துப் பன்னிரண்டு நாளில் சேரும். பொதுவாக ஒரு பேலிங் பிரஸ், ஒரு குடோன், ஒரு தராசு. இதை முன்னின்று நடத்தத் தகுதியானவர் பெரும்பாலும் அந்த வேஸ்ட் வியாபாரியேதான். அவரை இடைத்தரகர் என்று திட்டுவது சுலபம். ஆனால் கழிவைச் சேர்த்து, பெண்களை உட்காரவைத்துக் கலர் கலராகப் பிரித்து, மில்லோடு பேரம் பேசுகிற ஒரே ஆள் அவர்தான். அவர் குடோனில் ஒருவர் நாளுக்கு 100 கிலோ பிரிக்கிறார், கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு ஐந்து ரூபாய். நீங்கள் டேபிளிலேயே பிரித்துக் கொடுத்தால் அந்த ஐந்து ரூபாய் அவருக்கு மிச்சம், அதோடு குடோனில் பிரிக்கக் கடினமான ரிப்-பாடி சிக்கலும் தீர்ந்தது. அதில் பாதியாவது கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் பிரித்த மூட்டையையும் பிரிக்காத மூட்டையையும் தனித்தனியாக விலை கேட்டுப் பாருங்கள். வித்தியாசம் கொடுக்க மறுத்தால் ஆளை மாற்றுங்கள். வித்தியாசமே இல்லாமல் ஹெல்பரைப் பிரிக்கச் சொன்னால் இரண்டு வாரத்தில் நான்கு சாக்கும் ஒன்றாகிவிடும், அவர்மேல் தப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது தாள். பையர் (ஆடை வாங்கும் கம்பெனி) ரீசைக்கிள்டு என்று லேபிளில் போடவேண்டும் என்றால் பெரும்பாலும் கேட்பது ஜிஆர்எஸ் (குளோபல் ரீசைக்கிள்டு ஸ்டாண்டர்ட்) சான்று. டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் என்கிற அமைப்பின் தரநிர்ணயம் அது. சான்றுக்குள் வரவே 20 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் வேண்டும், லேபிளில் போட 50 சதவீதம். அதே அமைப்பின் இன்னொரு தரமான ஆர்சிஎஸ்ஸுக்கு (ரீசைக்கிள்டு கிளெய்ம் ஸ்டாண்டர்ட்) ஐந்து சதவீதம் போதும். துண்டு சேகரிக்கிறவருக்குச் சான்று கட்டாயமில்லை, உறுதிமொழிப் படிவமும் கொள்முதல் கணக்கும் போதும். சான்றுச் சங்கிலி கிழிக்கிற மில்லில் தொடங்குகிறது. அங்கிருந்து சரக்கு ஒவ்வொரு முறை கைமாறும்போதும் டிசி (டிரான்சாக்ஷன் சர்டிஃபிகேட்) வேண்டும். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கூலி வேலைக்கு, போகிற நிட்டிங், சாயப்பட்டறை எல்லாம் யாராவது ஒருவரின் சான்றில் பெயர் சேர்ந்திருக்கவேண்டும். நடுவில் ஒரே ஒரு பட்டறை விட்டுப்போனாலும் அதற்குப் பிந்திய எதையும் ரீசைக்கிள்டு என்று சொல்ல முடியாது. அவசரத்துக்குத் தெரிந்த காம்பாக்டிங்கில் போட்டு எடுத்த ஒரே நாள் வேலையால் மொத்த ஆர்டரும் சாதாரணத் துணியாகிவிடும்.

300 பீஸ் ஆர்டருக்கும் 30,000 பீஸ் ஆர்டருக்கும் தாள் வேலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆண்டுக் கட்டணம், ஆய்வுக் கட்டணம், டிசிக்குக் கட்டணம் எல்லாவற்றையும் 300-ஆல் வகுத்துப் பார்த்தால் யாருக்கு இது சாத்தியம் என்று தெரிந்துவிடும். சின்ன யூனிட் தனியாகச் சான்று எடுப்பதைவிட, சான்றுள்ள எக்ஸ்போர்ட்டரின் பட்டியலில் ஜாப் ஒர்க் யூனிட்டாகச் சேர்வதுதான் இப்போதைக்குப் புத்திசாலித்தனம். இன்னொன்று, கணக்கு எழுதாமல் பில் இல்லாமல் ரொக்கத்துக்கு விற்ற மூட்டை இந்தச் சங்கிலிக்குள் வரவே வராது. ரோல் எடையிலிருந்து பீஸ் எடையையும் எண்ட் பிட் (ரோல் கடைசியில் மிஞ்சும் துணி) எடையையும் கழித்தால் கழிவு எடை வந்துவிடும். அதையும் பில் எடையையும் மாதம் ஒருமுறை ஒப்பிட்டு வைத்தாலே ஆய்வாளர் கேட்கிற பாதி தயார்.

வட்டம் முழுசாக வேண்டுமென்றால் அந்த நூல் திரும்ப உங்கள் டேபிளுக்கும் வரவேண்டும். அங்கே வேறு தலைவலி. கலர் துண்டிலிருந்து வரும் நூலுக்குச் சாயமே வேண்டாம், தண்ணீரும் உப்பும் மிச்சம். ஆனால் கலர் லாட்டுக்கு லாட் மாறும். முதல் ஆர்டரில் பையர் ஓகே செய்த கலரை ரிப்பீட் ஆர்டரில் கொண்டுவர முடியாமல் டெபிட் நோட் (பணப் பிடித்தம்) வாங்கினவர்கள் அதிகம். 300 பீஸுக்கு 60 கிலோ துணி போதும், மில்லோ ஒரு கலருக்குக் குறைந்தது சில நூறு கிலோவாவது போட்டால்தான் மெஷினைக் கழுவித் தொடங்கும். நிட்டிங்கில் பஞ்சு பறக்கும், நூல் அறுக்கும், ஊசி உடையும். ஊசி நெருக்கமான 24 கேஜ், 28 கேஜ் மெஷினில் ஓட்டுவது வம்பு. மெல்லிய சம்மர் டி-சர்ட்டுக்கு இதைக் கேட்கிற பையரிடம் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஸ்வெட்ஷர்ட் ஃபிளீஸின் உள் லூப்புக்குப் போடலாம், அங்கே தடித்த நூல்தான் வேண்டும், கலர் லேசாக மாறினாலும் வெளியே தெரியாது. டோட் பேக், சாக்ஸ், வேலைக் கையுறை இவற்றுக்கும் சரி. மற்றதற்கு 20, 30 சதவீதம் கலந்து 20-ஆம் நம்பரிலேயே நிற்பது பாதுகாப்பு.

ஒரு நிம்மதியும் உண்டு. பாலியஸ்டர் பஞ்சுக்கு 18 சதவீதம், அதன் நூலுக்கு 12, துணிக்கு 5 என்று ஜிஎஸ்டி தலைகீழாக இருந்தபோது, பழைய பிளாஸ்டிக் (பெட்) பாட்டிலிலிருந்து எடுத்த பாலியஸ்டர் பஞ்சு கலந்து நூற்றவர்களின் பணம் ரீஃபண்டில் முடங்கிக் கிடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மூன்றுமே 5 ஆகிவிட்டது.

சேர்ந்து செய்வது நடக்காத காரியம் என்பவர்கள் நொய்யல் ஆற்றைப் பார்க்கலாம். ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவால் பாழான பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. தனித்தனியாக ஆர்ஓவும் ஆவியாக்கும் பிளான்ட்டும் போட வழியில்லாதவர்கள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பைப் இழுத்தார்கள். இன்று தண்ணீர் திரும்ப வருகிறது, உப்பின் ஒரு பகுதியும் திரும்ப வருகிறது. எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மட்டும் இன்னும் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பிரிக்க முடியாமல் கலந்துவிட்ட பொருளுக்கு எங்கேயும் இதே கதிதான். துண்டுத் துணிக்கு அப்படி எந்தக் கோர்ட் உத்தரவும் வரப்போவதில்லை. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 எக்கோடிசைன் சட்டப்படி துணிக்கு டிஜிட்டல் பாஸ்போர்ட் (பொருளின் விவரப் பதிவு) வரும்போது கலவை விவரத்தை எழுதிக் கேட்கப்போகிறவர் பையர்தான்.

கடைசியாக, யாரும் எழுதி வைக்காத ஒரு விஷயம். துணி எக்ஸ்போர்ட்டருடையது, வெட்டுவது ஜாப் ஒர்க் யூனிட். கழிவு யாருக்குச் சொந்தம்? சிலர் கூலியில் கழித்துக்கொண்டு யூனிட்டுக்கே விட்டுவிடுகிறார்கள், சிலர் கிலோ கணக்குக் கேட்டுத் திரும்ப வாங்குகிறார்கள், பலர் பேசுவதே இல்லை. ஜிஎஸ்டி சட்டம் 143-ஆவது பிரிவின்படி, ஜாப் ஒர்க் செய்பவர் பதிவு பெற்றவராக இருந்தால் கழிவை அங்கிருந்தே வரி கட்டி விற்கலாம். பதிவு இல்லாவிட்டால் துணி கொடுத்தவர்தான் விற்கவேண்டும். கழிவு தனக்கில்லை என்று தெரிந்த யூனிட்டில் யாரும் நான்கு சாக்கு மாட்டமாட்டார்கள். அதனால் அடுத்த ஜாப் ஒர்க் ஆர்டரில் கூலிக்குக் கீழே ஒரு வரி சேருங்கள்: கழிவு யாருடையது, அதிகபட்சம் எத்தனை சதவீதம், பிரித்துக் கொடுத்தால் கிலோவுக்கு எவ்வளவு கூடுதல். மூன்றையும் எண்ணாகவே எழுதுங்கள்.